தன் கத்தியைத் தானே செய்தல்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கத்தி. மரப்பிடி போட்ட ஒரு சிறிய கத்தி. ஒருவர் தன் கைக்கென்று, தன் கையாலேயே செய்துகொள்ளும் கத்தி. கல்வியைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் கத்தியைப் பற்றிப் பேசுகிறாரே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நான் கல்வியைப் பற்றித்தான் பேசுகிறேன். ஒரு பிள்ளை தனக்கான கத்தியைத் தானே செய்து முடிப்பது, கணக்கையும் மொழியையும் போலப் பொதுக்கல்வியின் பகுதியாக இருக்கத் தகுந்தது. அதை எந்தத் தொழிலுக்கான பயிற்சியாகவும் ஆக்கக் கூடாது. இன்னார் பிள்ளைக்கு என்று ஒதுக்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது கிடைக்க வேண்டும். இதுவே இந்த மேடையில் என் கட்சி.

இதற்குச் சான்று தேடி உங்களைப் பின்லாந்துக்கு அழைத்துப் போகிறேன். அங்கே பூக்கோ என்றொரு கத்தி உண்டு. அலகின் நீளம் ஏறக்குறைய உள்ளங்கை அகலம். 8 முதல் 10 சென்டிமீட்டர். பிடி அதைவிடச் சற்று நீளம். ஒரு பக்கம்தான் கூர். விரல் முன்னால் வழுக்காமல் தடுக்கும் குறுக்குப் பட்டை அதில் கிடையாது. ஏன் கிடையாது? குத்துவதற்காக அதை யாரும் உருவாக்கவில்லை. மரத்தைச் சீவ, மீனைக் கீற, கயிற்றை அறுக்க, தோலை உரிக்க என்று அன்றாட வேலைக்காக உருவான கருவி அது. மீன்பிடிப்பவரும் மரம் வெட்டுபவரும் மான் மந்தை மேய்ப்பவரும் தோல் உறையில் செருகி இடுப்புவாரில் தொங்கவிட்டுக்கொண்டார்கள். ஒருவருக்குப் பூக்கோ ஒன்றைப் பரிசாகக் கொடுப்பது இன்றும் அங்கே பெரிய மரியாதை. அலகை இரும்புக் கொல்லரிடமோ கடையிலோ வாங்கி, பிடியை மட்டும் வீட்டில் தானே செய்து போட்டுக்கொள்ளும் வழக்கமும் அங்கே இன்றுவரை உண்டு. இந்த வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

பிடிக்கு அவர்கள் பெரிதும் விரும்புவது பிர்ச் மரத்தில் ஒரு வகை. சாதாரண பிர்ச்சில் மரபணு மாறுபாட்டால் தோன்றியது அது. மெதுவாக வளரும். ரேகைகள் நேராக ஓடாமல் சுருண்டு வளைந்து, நடுநடுவே பழுப்புக் கீற்றுகள் தெறித்திருக்கும். அதன் மதிப்பு எவ்வளவென்றால், மற்ற மரங்களைப் போலக் கன அளவில் விற்காமல் எடை போட்டு விற்கிறார்கள். அழகுக்காக மட்டுமா இந்த மதிப்பு? ரேகை நேராக ஓடும் மரம் ஓங்கி ஓர் அடி அடித்தால் பிளந்துவிடும். ரேகைகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்ட மரம் அவ்வளவு எளிதில் பிளக்காது. ஆகவே அழகும் உறுதியும் இங்கே ஒரே காரணத்திலிருந்து வருகின்றன. இன்னொரு வகைப் பிடி பிர்ச் மரத்தின் பட்டையால் ஆனது. பட்டையைச் சதுரம் சதுரமாக வெட்டி, நடுவில் துளையிட்டு, அலகின் வாலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, இறுக்கி, பிறகு செதுக்குவார்கள். மீன் அறுக்கும் ஈரக் கையிலும் அது வழுக்காது. உறைபனிக்குக் கீழே 20 பாகைக் குளிரில் வெறும் இரும்பைப் பிடித்தால் கை விறைத்துப்போகும். பட்டைப் பிடி கையின் சூட்டை உறிஞ்சுவதில்லை. அந்த மண்ணின் குளிரும், அந்த மண்ணின் மரமும், அந்த மண்ணின் வேலையும் சேர்ந்து செய்த பிடி அது.

இனி, பிடி செய்கிறவர் எதையெல்லாம் யோசித்தாக வேண்டும் என்று பாருங்கள். மரம் நன்றாகக் காய்ந்திருக்கிறதா? காயாத மரத்தில் பிடி போட்டால் சில வாரங்களில் அது சுருங்கி, பித்தளைப் பூணுக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி விழும். மரம் எந்தப் பக்கம் சுருங்கும்? நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை, குறுக்குவாக்கில் சுருங்கும். குறுக்கிலும் எல்லாத் திசையிலும் ஒரே அளவு இல்லை. வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில், வளையத்தைக் குறுக்கிடும் திசையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். பிறகு, அலகின் வால் நுழையத் துளை போட வேண்டும். வால் தட்டையானது, துரப்பணத்தின் துளையோ வட்டம். அருகருகே இரண்டு மூன்று துளை போட்டு, மெல்லிய அரத்தால் அவற்றை ஒரே பிளவாக இணைக்க வேண்டும். அரம் ஓர் இழுப்பு அதிகமாகப் போனால் அலகு ஆடும், குறைந்தால் நுழையாது, வலுக்கட்டாயமாகத் தட்டினால் மரம் வெடிக்கும். வாலைப் பிடியின் அடிப்பக்கம் வரை கொண்டுபோய், அங்கே ஒரு பித்தளைத் தகட்டின்மேல் சுத்தியலால் தட்டி விரித்து இறுக்கிவிட்டால், ஒரு தலைமுறைக்கு அது கழலாது.

அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. உருவம் செதுக்க வேண்டும். எந்த உருவம்? இங்கேதான் நான் சொல்லவரும் கல்வி இருக்கிறது. பிடி உருண்டையாக இருந்தால் கூர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கைக்குத் தெரியாது. அதனால் நீள்வட்டம் வேண்டும். நடுவில் சற்றே வயிறு தள்ளியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளங்கையில் வெற்றிடம் விழும். எங்காவது ஒரு விளிம்பு மிச்சமிருந்தால் முதலில் கையில் எடுத்துப் பார்க்கும்போது உறுத்தாது, அரைமணி நேரம் மரம் சீவிய பிறகு அதே இடத்தில் கொப்புளம் எழும். எவ்வளவு பருமன், எங்கே குறைப்பது, எங்கே நிறுத்துவது என்று எந்தப் பாடநூலும் விடை சொல்லாது. உங்கள் கை எவ்வளவு பெரியதோ அதுதான் அளவுகோல். செதுக்கு, பிடித்துப் பார், மறுபடி செதுக்கு, மறுபடி பிடித்துப் பார். பக்கத்து மாணவனைப் பார்த்து எழுத முடியாத தேர்வு ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது இதுதான். அவன் கைக்குச் சரியான விடை என் கைக்குத் தவறான விடை. கூடை முடையலாம், பெட்டி செய்யலாம், பொம்மை செய்யலாம். எல்லாம் நல்ல வேலைகள். ஆனால் தன் கத்தியைத் தான் செய்கிறபோது செய்கிறவர், பயன்படுத்துகிறவர், தீர்ப்புச் சொல்கிறவர் மூவரும் ஒருவரே. செய்ததில் குறை இருந்தால் அந்தக் குறை செய்தவரின் உள்ளங்கைக்கே திரும்பி வருகிறது. மதிப்பெண் போட்டு அதை மறைக்க முடியாது. பிறர் பாராட்டி அதை ஆற்றவும் முடியாது.

அலகுக்கு வாருங்கள். அங்கே ஓர் அறிவியல் கூடமே இருக்கிறது. நூற்றுக்கு ஏறக்குறைய 0.8 பங்கு கரி கலந்த எஃகை உலையில் வைத்துச் சூடேற்றுகிறார்கள். எவ்வளவு சூடு? வெப்பமானி இல்லாத பட்டறையில் ஒரு காந்தம் போதும். 770 பாகை செல்சியஸ் அளவில் இரும்பு காந்தத்துக்கு ஒட்டாமல் போகும். ஒட்டாத நிலையைத் தாண்டி இன்னும் சற்றுச் சூடேற்றி, எண்ணெயில் முக்கித் துவைச்சல் கொடுக்க வேண்டும். மெதுவாக ஆறினால் எஃகு மென்மையாகவே நின்றுவிடும். சடாரென்று ஆறும்போது கரி அணுக்கள் வெளியேற வழியின்றி இரும்பின் படிகக் கட்டமைப்புக்குள்ளேயே சிக்கிக்கொள்கின்றன, எஃகு கெட்டிப்படுகிறது. கெட்டிப்பட்டதா என்று எப்படித் தெரியும்? அரத்தை வைத்து இழுத்துப் பார்த்தால் தெரியும். கடித்தால் துவைச்சல் ஏறவில்லை, வழுக்கினால் ஏறிவிட்டது. ஆனால் அந்த நிலையில் அலகு கீழே விழுந்தால் உடையும். ஆகவே 200 பாகை அளவில் மறுபடி மெல்லச் சூடேற்றி, மேற்பரப்பில் வைக்கோல் நிறம் படியும் பதத்தில் எடுக்கிறார்கள். கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுத்து, கொஞ்சம் உறுதியை வாங்கிக்கொள்கிறார்கள். காந்தவியலும் படிக அமைப்பும் நம் மேல்நிலைப் பாடநூல்களில் தனித்தனி அத்தியாயங்களாகக் கிடக்கின்றன. ஒரு சாண் எஃகில் அவை ஒன்றாக வந்து நிற்கின்றன. மாணவர் அவற்றை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை.

இதையெல்லாம் பள்ளிக்கூடத்தோடு முதலில் இணைத்தவர்கள் யார்? பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் என்றொரு பாதிரியார் இருந்தார். 1810இல் பிறந்தவர். அன்று ரஷ்யாவின் வசமிருந்த அலாஸ்காவில் சில ஆண்டுகள் திருச்சபைப் பணி செய்தவர். பெஸ்டலோசி, ஃப்ரோபெல் ஆகிய கல்வியாளர்களின் நூல்களில் ஊறியவர். அவருடைய முயற்சியால் 1863இல் யூவாஸ்கூலாவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1866இல் வந்த தொடக்கக்கல்விச் சட்டம் கைவேலையைப் பள்ளிப் பாடமாக்கியது. உலகிலேயே அப்படிக் கட்டாயமாக்கிய முதல் நாடு பின்லாந்து. தச்சர்களையும் கொல்லர்களையும் உற்பத்தி செய்வது அவர் நோக்கமா? இல்லை. கண்ணுக்கு வடிவமும் கைக்குத் திறனும் மனத்துக்கு ஒழுங்கும் வரவேண்டும் என்பதே அவர் வாதம். பக்கத்து நாடான ஸ்வீடனில் ஓட்டோ சாலமன் என்பவர் அவரிடமிருந்து கற்றார். ஆகுஸ்ட் ஆபிரகாம்சன் என்ற வணிகரின் நாஸ் பண்ணையில் சாலமன் நடத்திய பயிற்சிக்கூடத்துக்கு பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஆசிரியர்கள் போய்க் கற்றார்கள். ஸ்லாய்ட் என்று பெயர் பெற்ற அந்தக் கல்விமுறையில் பிள்ளையின் கையில் கொடுத்த முதல் கருவி எது தெரியுமா? உளியா? இழைப்புளியா? கத்தி! கத்தியால் மட்டுமே செதுக்கக்கூடிய ஒரு சிறு குச்சியில்தான் அவர்களுடைய பாடவரிசை தொடங்கியது. ஏனென்றால் கத்தி எல்லா வீட்டிலும் இருக்கிற கருவி. பிள்ளைக்கு ஏற்கெனவே பழக்கமான கருவி. சாலமன் இன்னும் சில விதிகள் வைத்தார். செய்யும் பொருள் வீட்டுக்குப் பயன்பட வேண்டும். ஆசிரியர் கைவைத்து முடித்துக்கொடுக்கக் கூடாது. முடித்த பொருள் பிள்ளைக்கே சொந்தம். இந்தக் கடைசி விதி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

சரி, மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு எளியது: ஆலை இருக்கும்போது அரம் எதற்கு? ஸ்வீடனின் மோரா வட்டாரத்தில் 1891 முதல் ஆலையில் கத்தி செய்கிறார்கள். பின்லாந்தின் ரோவானியெமியில் 1928இல் தொடங்கிய மார்த்தீனி ஆலை இன்றும் ஓடுகிறது. அந்தக் கத்திகள் நல்லவை, மலிவானவை. அவற்றோடு போட்டி போடும் கத்தியை ஒரு பள்ளிப் பிள்ளை செய்துவிட முடியாது என்பதை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்ல கவிதைகள் அச்சாகிக் கிடைப்பதால் பிள்ளைகள் கட்டுரை எழுதவேண்டாம் என்று நாம் சொல்வதில்லையே! கணிப்பொறி இருப்பதால் பெருக்கல் வாய்ப்பாட்டை எடுத்துவிடுவதும் இல்லையே! இந்த மறுப்பை இதற்குமேல் நீட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. தமிழ்நாட்டில் நின்றுகொண்டு பள்ளியில் கைத்தொழில் என்று யார் வாய் திறந்தாலும் இந்த மறுப்பு எழும், எழவும் வேண்டும். 1953இல் அன்றைய சென்னை மாநிலத்தில் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக்கல்வித் திட்டத்தை நாம் மறக்கவில்லை. பள்ளி நேரம் அரைநாளாகக் குறைந்தது. மீதி நேரத்தில் பிள்ளை தன் பெற்றோரின் தொழிலைக் கற்கவேண்டும் என்றார்கள். பெரியார் அதைக் குலக்கல்வி என்று அழைத்துப் போராடினார். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. கைவிட்டது நூற்றுக்கு நூறு சரி. அதில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை. அப்படியானால் நான் பேசுவது எதை? கூர்ந்து பாருங்கள். குலக்கல்வியின் குற்றம் கைவேலையில் இருந்ததா? கொல்லர் பிள்ளைக்குக் கொல்லுவேலை, சலவைத் தொழிலாளி பிள்ளைக்குச் சலவை, வழக்கறிஞர் பிள்ளைக்குச் சட்டம் என்று பிறப்பைப் பார்த்துப் பங்கிட்டதில் இருந்தது. படிப்புக்குரிய நேரத்தைப் பிடுங்கியதில் இருந்தது. சிக்னேயஸின் திட்டத்தில் பாதிரியார் பிள்ளைக்கும் கூலிக்காரர் பிள்ளைக்கும் ஒரே வேலைதான். கைவேலை சில சாதிகளின் தலையெழுத்து என்ற எண்ணத்தை உடைக்க, அதை எல்லாச் சாதிப் பிள்ளைகளின் கையிலும் கொடுப்பதைவிட நேரான வழி எது? எழுத்து ஒரு காலத்தில் சிலரின் உடைமையாக இருந்தது. நாம் அதை எல்லோருக்கும் உடைமையாக்கினோம். உழைப்பை மட்டும் ஏன் சிலரின் உடைமையாகவே விட்டுவைக்க வேண்டும்? பரம்பரையாகக் கைவேலை செய்தே வந்த வீட்டுப் பிள்ளைகள் அதிலிருந்து விடுபட்டு மேலே வரட்டும் என்று ஒருவர் சொன்னால் அந்தக் குரலுக்கு நான் தலைவணங்குகிறேன். அந்தப் பிள்ளைகளின் படிப்பு நேரத்தில் ஒரு நிமிடம்கூட இதற்காகக் குறையக் கூடாது. ஆனால் உளி பிடித்தே அறியாத வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பாடம் கட்டாயம் வேண்டும் என்கிறேன்.

இந்த இடத்தில் பின்லாந்தை நான் முழுதாகப் புகழ மாட்டேன். வர்க்க வேற்றுமையைத் தாண்டிய அந்தப் பாடம் ஆண் பெண் வேற்றுமையைத் தாண்டவில்லை. பையன்களுக்கு மரமும் உலோகமும், பெண்பிள்ளைகளுக்கு ஊசியும் நூலும் என்று நெடுங்காலம் பிரித்தே வைத்திருந்தார்கள். 2014இல் வகுத்து 2016இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம்தான் இரண்டையும் ஒரே பாடமாக்கி எல்லோருக்கும் கொடுத்தது. நாம் தொடங்குவதானால் அங்கிருந்தே தொடங்கலாம். ஒன்றரை நூற்றாண்டு காத்திருக்கத் தேவையில்லை.

மூன்றாவது மறுப்பைச் சொல்லும்போது என் குரலும் தாழ்கிறது. பள்ளியில் கத்தியா என்று கேட்கிறீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது? ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அந்த நினைவு இருக்கும்போது இந்தக் கேள்வியை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. பூக்கோவின் வரலாறும் தூய்மையானதல்ல. பூக்கோ செய்வதில் பெயர்பெற்ற கவுஹவா என்ற ஊர் தெற்கு ஆஸ்ட்ரோபோத்னியாவில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி 19ஆம் நூற்றாண்டு வரை, கத்திச் சண்டைக்கும் கொலைக்கும் பேர்போன பகுதியும் அதேதான். திருமண வீடுகளில் புகுந்து வம்பு வளர்த்த கும்பல்களை அந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. பின்லாந்துக்காரர்கள் என்ன செய்தார்கள்? கும்பல் தலைவர்களைச் சிறையில் அடைத்தார்கள். கத்தியைப் பள்ளியிலிருந்து விரட்டவில்லை. கும்பல்கள் உலவிய அதே காலத்தில்தான் 1866இன் சட்டமும் வந்தது. இன்றைய பின்லாந்தில் 2003இன் பொது ஒழுங்குச் சட்டம், தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி எடுத்துச் செல்வதைத் தடைசெய்கிறது. தெருவில் தடை, பட்டறையில் பாடம். இரண்டும் ஒரே நாட்டில், ஒரே நேரத்தில். இதில் முரண்பாடு இருப்பதாக அவர்கள் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. நாங்குநேரியில் அரிவாளை ஓங்கவைத்தது சாதி. அரிவாள் செய்யக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் எவரும் அங்கே இல்லை. கத்தி கற்றுக்கொடுத்தால் பிள்ளை நல்லவனாகிவிடுவான் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொய். நான் சொல்வது இவ்வளவே: ஆயுதமாக மட்டுமே கத்தியை அறிந்த ஒரு தலைமுறை, கருவியாகவும் அதை அறிந்த தலைமுறையைவிட நமக்குப் பாதுகாப்பானதல்ல.

அச்சத்துக்கு இடமளிக்காத ஏற்பாடுகளும் உண்டு. பள்ளிக்கென்று செய்யும் அலகின் முனையை வட்டமாக மழித்துவிடலாம். மரம் சீவக் கூர்முனை தேவையில்லை. கத்திகளை எண்ணிட்டுப் பூட்டிய அலமாரியில் வைத்து, வகுப்பு தொடங்கும்போது எண்ணிக் கொடுத்து, முடியும்போது எண்ணி வாங்கலாம். படிப்பு முடிந்து போகும் நாளில் பெற்றோர் கையில் ஒப்படைக்கலாம். மழுங்கிய கத்தியைத்தான் அழுத்திப் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது, அது வழுக்கித்தான் கையைக் கீறுகிறது; ஆகவே முதல் பாடமே தீட்டுவதாக இருக்கட்டும். பூக்கோவின் கூர்ச்சரிவு அகலமானது, ஒரே தளமானது. அதை அப்படியே கல்லின்மேல் படியவைத்தால் கோணம் தானாக அமைந்துவிடும். புதிதாகக் கற்கும் கைக்கு இதைவிட இணக்கமான கூர் அமைப்பு கிடையாது.

செலவுக்கும் நேரத்துக்கும் எங்கே போவது என்பீர்கள். முன்பே சொன்ன வழக்கத்துக்கு இப்போது வருகிறேன். உலையும் துவைச்சலும் பிள்ளைகள் கண்ணால் பார்த்துக் கற்கட்டும். அலகை ஊர்க் கொல்லர் அடித்துத் தரட்டும். பிடியைப் பிள்ளை செய்யட்டும். வாரத்துக்கு இரண்டு பாடவேளை, ஒரு பருவம். பிர்ச் மரத்துக்காக நாம் ஏங்க வேண்டாம். பூவரசு இருக்கிறது, வேம்பு இருக்கிறது, உழவுக் கருவிகளுக்குக் காலங்காலமாகப் பிடியாகிவந்த கருவேலம் இருக்கிறது. மரக்கடையில் தள்ளிவிடும் துண்டுகளே போதும். ஓர் அரம், ஒரு துரப்பணம், உப்புத்தாள், கொஞ்சம் ஆளி விதை எண்ணெய். அறிவியல் கூடத்தில் உடைந்துபோகும் கண்ணாடிக் குடுவைகளின் செலவுக்குமேல் இது போகாது. கற்றுக்கொடுக்கப் போகிறவர் யார்? அதே கொல்லரும் அதே தச்சரும்தான். வேலை முடிந்து போகிறவழியில் எட்டிப்பார்த்துவிட்டுப் போங்கள் என்று அவர்களை அழைக்கக் கூடாது. வருகைப் பதிவேட்டில் பெயரும், மற்ற ஆசிரியருக்குச் சமமான மணிக்கூலியும், ஆசிரியர் அறையில் ஒரு நாற்காலியும் கொடுத்து அழைக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு பள்ளியில், ஒரு பருவத்துக்கு, ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியரைக் கொண்டு இதைத் தொடங்கிப் பார்க்கலாம். அரசு ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த அவையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தினரும் மனம் வைத்தால் வரும் பருவத்திலேயே முடியும்.